பார்க்காமலே எழுதிய கோல்

ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை இருபத்து நான்கு வயதிலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததோடு நிற்காமல் அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொண்டேன். விளையாட்டு ஆவணப்படங்கள், நாடகத் தொடர்கள், அறிவியல் புனைவுத் தொடர்கள் என்று ஆயிரக்கணக்கான டிவிடிகளுக்கு ‘இது எதைப் பற்றிய படம்’ என்று பத்துப் பத்து வரி எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவற்றில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. (பாதியாவது பார்த்திருப்பாய் என்று நினைப்பவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அதுவும் இல்லை.)

இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்திலும் காதுகுத்திலும் யாராவது ஒருவர் இந்தக் கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மசாலா இல்லாமல் ஒரு தடவை நானே சொல்லிவிடுவது நல்லது.

திருப்பத்தூரில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு (பாடப் புத்தகங்களையும் நோட்ஸ் வைத்துத்தான் படித்தேன் என்பது இப்போது ஞாபகத்துக்கு வருகிறது) பெங்களூருக்கு வந்தேன். தொம்மலூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இணையம் வழியாக டிவிடி விற்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. எல்லாரும் கம்ப்யூட்டரிலேயே படம் பார்க்க ஆரம்பித்துவிட்ட காலம்தான் அது. ஆனாலும் டிஸ்க்கைக் கையில் பிடித்து, துடைத்து, அலமாரியில் அடுக்கினால்தான் படம் பார்த்த திருப்தி வரும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் கடை ஓடியது.

டிவிடிகள் எல்லாம் ஹெப்பகோடி குடோனில் உறை பிரிக்காமல் இருக்கும். எனக்கு வருவது அட்டையின் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் மட்டும். அவற்றைப் பார்த்து ஆங்கிலத்தில் பத்து வரி எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது. சந்தேகம் வந்தால் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும், குடோனிலிருந்து டிஸ்க்கை வரவழைப்பார்கள், மூலையில் இருக்கும் சின்ன அறையில் டிவி இருக்கிறது, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்ந்த அன்றே மேனேஜர் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கம்பெனியின் மேல் பழி போட ஆசைதான், ஆனால் அறை இருந்தது, டிவி இருந்தது. அந்த ரிமோட்டில் பேட்டரி மட்டும் இல்லை. பேட்டரி கேட்டு நான் வாயைத் திறந்ததும் இல்லை.

எனக்கு மூன்று சூத்திரங்கள் போதுமாக இருந்தன. நாடகத் தொடர் என்றால் ஒரு குடும்பம், அதில் ஒரு ரகசியம். அறிவியல் புனைவு என்றால் மனிதகுலத்தின் கடைசி நம்பிக்கை, கூடவே எங்கேயாவது ஒரு அப்பா மகள் பாசம். விளையாட்டு என்றால் ஏழ்மை, காயம், மழை, கடைசி நிமிடம். எல்லாவற்றின் முடிவிலும் ‘இதயத்தை உருக்கும் படைப்பு’ என்று போட்டுவிடுவேன். ஒருமுறை மீன் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தரும் டிவிடிக்கும் அதைப் போட்டேன். வாங்கின யாரும் இதயம் உருகவில்லை என்று திருப்பி அனுப்பவில்லை.

இந்த நேரத்தில்தான் ஜெகன் வந்தான். எங்கள் கட்டடத்தில் இருந்த நாலு கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்பவன். தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசுவான். என் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வயரைப் பிடித்து இழுத்தபடி, நாள் முழுக்கப் படம் பார்ப்பதற்குச் சம்பளமா என்று ஆச்சரியமாகக் கேட்டான். நான் அடக்கமாகச் சிரித்தேன். இல்லை என்று சொல்ல அதுதான் சரியான நேரம். அந்தச் சிரிப்பு அழகாக இருந்ததாக அவன் பிற்பாடு சொன்னதால் அப்புறம் சொல்ல மனம் வரவில்லை. ஒரு வருடத்தில் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். அதற்குள் அவன் வீட்டில் நான் பெரிய சினிமா மேதை ஆகியிருந்தேன்.

என் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். அவன் வீட்டில் அவன் அப்பா சொல்வதுதான் முடிவு. குணசேகரன் என்று பெயர், அரசாங்க ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் என் சாதியைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை, ஜாதகமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா, சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம், படம் பார்க்கிற விதத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வீட்டில் அது ஒரு விரதம் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலமாரியிலிருந்து ஒரு டிஸ்க் வெளியே வரும். வீட்டில் இருக்கிற எல்லாரும் ஹாலில் உட்கார வேண்டும். கைப்பேசிகள் எல்லாம் வெங்காயக் கூடைக்குள் போய்விடும். படம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூட அவன் அம்மா விளம்பர இடைவேளை இல்லாத அந்த வாழ்க்கையைச் சபித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். ஜெகன் இதைச் சொன்னபோதே இது பரீட்சை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பரீட்சை என்றால் தயாராக வேண்டும் இல்லையா? டிவிடிகளை வரவழைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு வாரம் இருந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? அவர்கள் அலமாரியில் இருக்கும் படங்களின் பட்டியலை ஜெகனிடம் வாங்கி, அவற்றுக்கு நானே எழுதிய பத்துப் பத்து வரிகளை அச்செடுத்து மனப்பாடம் செய்தேன். என் பொய்யை நானே விழுந்து விழுந்து படித்தேன். பி.எம்.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டே, ‘மனிதகுலத்தின் கடைசி நம்பிக்கை’ என்று முணுமுணுத்த என்னைப் பக்கத்தில் இருந்த அம்மாள் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உட்கார இடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சின்ன சந்து, குறுகலான மூன்று மாடி வீடு. மேல்மாடியில் குடியிருக்கும் ஜெகனின் அக்கா மீனா, பிதுக்குப் பருப்புக் குழம்புக்காக, ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. விளையாட்டு ஒரு தட்டு, நாடகம் ஒரு தட்டு, மீதி எல்லாம் ராக்கெட் படம்.

ராக்கெட் படங்கள் அவன் அம்மாவினுடையவை. சரோஜா அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. எட்டு பாகம், பத்து பாகம் ஓடும் விண்வெளித் தொடர்களை எல்லாம் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் என்னைச் சோதிக்கவில்லை என்பதுதான் கொடுமை. உண்மையாகவே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

“எங்க செட்டுல ஏழாவது டிஸ்க்கு கீறலாயிடுச்சும்மா, ஓடவே மாட்டேங்குது. அந்த டாக்டரம்மா பூமிக்குத் திரும்புச்சா இல்லியா? ரெண்டு வருஷமா இதே நெனப்பு.”

அந்தத் தொடருக்கு நான் எழுதிய பத்து வரியில் டாக்டரம்மாவே கிடையாது. ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். நல்ல சேதியாகச் சொல்லிவைப்போமே என்று, திரும்பிவிட்டார், குடும்பத்தோடு சேர்ந்துவிட்டார் என்றேன். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

“அப்புறம் ஏம்மா எட்டாவது டிஸ்க்குல ராக்கெட்டுக்குள்ளயே அவளுக்குக் காரியம் பண்றாங்க?” என்று கேட்டார்.

குடும்பத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ராக்கெட்டுக்குப் போய்த்தான் இறந்துபோனார் என்று சமாளித்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீனா அக்கா அவரைக்கொட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஜெகனிடம், “நோடே இல்லா இவளு” என்றார். எனக்குக் கன்னடம் தெரியாது என்ற தைரியம். பஸ்ஸில் ஏறி இறங்கும் அளவுக்கு நான் கற்றுக்கொண்டிருந்த கன்னடமே அதைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது. இவள் பார்க்கவே இல்லை என்கிறார். காப்பி எனக்குப் புரையேறியது.

அப்போது ஜெகனின் அப்பா உள்ளேயிருந்து வந்தார். நல்ல உயரம். பெரிய பெரிய கைகள். இடது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இதையெல்லாம் நான் அன்றே கவனித்தேன், ஆனால் கவனித்து ஒரு பயனும் இல்லை. அவர் அலமாரியைத் திறக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருந்த ஒரு டிவிடியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

உள்ளூர்ப் படம். பெங்களூரில் அந்தக் காலத்தில் ஃபேக்டரிகளுக்கு இடையே நடந்த ஃபுட்பால் லீக்கைப் பற்றிக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் எடுத்த ஆவணப்படம். அட்டையில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஒரு கோல்கீப்பர் தரையில் குப்புற விழுந்து கிடக்கிறார், அவருக்குப் பின்னால் நெட்டுக்குள் பந்து கிடக்கிறது. பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. இதற்கு எழுதியது நான்தான். பின்னட்டையில் ஒன்றுமே இல்லாததால் அந்த ஒரு புகைப்படத்தை வைத்தே கதை கட்டியிருந்தேன்.

இதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். ஜெகன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். நான் டிவிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு தடவ பாத்திருக்கேன் அங்கிள்” என்றேன். ஒரு தடவை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கம் வந்திருக்காது.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தேடப்போன மருந்து காலில் தட்டுப்பட்ட மாதிரி, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் எங்கள் கடையின் இணையப் பக்கம், அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு இருந்தது. நீ வேலை செய்யும் கடைதான், நீ படத்தை இரண்டு தடவை பார்த்தவள், இதில் எழுதியிருப்பது சரியா என்று படித்துச் சொல் என்றார்.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஒரே ஒரு மனிதனின் கவனக்குறைவு ஒரு தொழிற்சாலையின் பல்லாண்டுக் கனவை எப்படிச் சிதறடித்தது என்பதைச் சொல்லும், இதயத்தை உருக்கும் படைப்பு.’

என் வரிகள். அச்சில் பார்த்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதினவளுக்கு எழுத்தின் மேல் இருக்கும் பாசம் அப்படி. சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “அந்த கோல்கீப்பர் மட்டும் ஒழுங்கா நின்னிருந்தா அந்த டீம் எங்கயோ போயிருக்கும் அங்கிள். அவ்ளோ பேர் உழைச்சத ஒரு ஆள் கெடுத்துட்டாரு” என்றேன்.

மீனா அக்காவின் விரலிலிருந்து பிதுங்கிய பருப்பு ஒன்று பறந்துபோய் டிவி மேல் பட்டுக் கீழே விழுந்தது. ஜெகன் தரையைப் பார்த்தான்.

“அந்த கோல்கீப்பர் யாருன்னு படத்துல சொல்லலியா?” என்று மீனா அக்கா கேட்டார். இந்த முறை தமிழில்.

நான் அந்தப் பெரிய கைகளைப் பார்த்தேன். அப்புறம் அந்த இறங்கிய தோளை. அதற்கப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்பா ஃபேக்டரி டீமில் ஆடியவர் என்று ஜெகன் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறான். அதையும் நான் அட்டைப்படம் பார்க்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. டிவிடியை என் கையிலிருந்து வாங்கி, “மணி பதினொன்னு ஆயிடுச்சு. படத்தப் போடுடா” என்று ஜெகனிடம் சொன்னார். என் கைப்பேசி வெங்காயக் கூடைக்குள் போனது. எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. எழுபது நிமிடம்.

வாழ்க்கையில் முதன்முதலாக, நான் பத்து வரி எழுதிய ஒரு படத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். மழை இல்லை. ஏழைச் சிறுவன் இல்லை. ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் மைதானத்துக்கு ஓடி வருகிற ஆட்கள், ஒரு ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட இரண்டு பேர், இப்போது தலை நரைத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிற முகங்கள். நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணி ஃபார்வர்டு ஒருவர் வந்தார். காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தார். கேமராவைப் பார்த்துச் சத்தமாகப் பேசினார்.

“அது கோலே இல்ல சார். அடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? குணா பாய்ஞ்சு கையால தட்டி கோல்போஸ்ட்டுக்கு மேல தூக்கிட்டான். விழுந்ததுல தோள் கழண்டுபோச்சு, அதான் எழுந்திருக்கல. நெட்டுல கெடக்குது பாருங்க, அது பிராக்டீஸ் பந்து. ஹாஃப் டைம்ல எவனோ போட்டுட்டுப் போயிட்டான். மேட்ச்சு அவங்கதான் ஜெயிச்சாங்க.”

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்தப் புகைப்படம் ஃபேக்டரிப் பத்திரிகையில் வந்துவிட்டது. மைதானத்துக்கு வராதவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்து முடிவு கட்டினார்கள். அன்றிலிருந்து அவருக்கு ‘ஓட்டைக்கை குணா’ என்று பெயர். கேன்டீனில் டம்ளர் யார் கையிலிருந்து விழுந்தாலும் அவரைத்தான் பார்ப்பார்களாம். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்ட அதிகாரிகூட, மாலையையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள் குணா என்றாராம். ஜெயித்த மேட்ச்சுக்காக முப்பது வருடம் தோற்றவன் பட்டத்தைச் சுமந்த மனிதர் அவர். முதன்முதலாக ஒருவர் கேமரா முன்னால் உண்மையைச் சொன்னார் என்பதால்தான் அந்த டிவிடி சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

படம் முடிந்தது. சொந்தக்காரர்களுக்கும் பழைய ஃபேக்டரிக்காரர்களுக்கும் அந்த டிவிடியை வாங்கி வாங்கிக் கொடுத்த கதையை அவரே மெதுவாகச் சொன்னார்.

“எவனும் போட்டுப் பாக்கலம்மா. கம்ப்யூட்டர்ல அந்தப் பத்து வரியப் படிச்சுட்டு, என் தம்பி பையனே சொல்றான், என்னா பெரியப்பா, படத்துலயே போட்டுட்டாங்களேன்னு. மனசு பேஜாராயிடுச்சு.”

எங்கள் கடைக்கு அவர் இரண்டு கடிதம் எழுதியிருந்தார். எங்கள் நிபுணர் குழு ஒவ்வொரு படத்தையும் முழுமையாகப் பார்த்த பிறகே எழுதுகிறது என்று பதில் வந்ததாம். (நிபுணர் குழு என்பது நானும், சமையல் டிவிடிகளைப் பார்த்துக்கொண்ட ஷீலாவும்.) அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உடைத்தது. நீ இரண்டு தடவை பார்த்தது ரொம்ப நாள் ஆகியிருக்கும், மறந்திருப்பாய், பரவாயில்லை என்றார். தப்பிக்க எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். நானும் அதற்குள் நுழையத்தான் பார்த்தேன். இதை எழுதின ஆளை நாளைக்கே கண்டுபிடிக்கிறேன் அங்கிள், வேலையை விட்டே தூக்கச் சொல்கிறேன் என்று ஆவேசமாகச் சொன்னேன்.

“ஐயோ, வேலைலயெல்லாம் கை வெக்காதம்மா. அவனுக்கும் குடும்பம் இருக்கும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ படத்தப் பாக்கச் சொல்லு. அது போதும் எனக்கு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழகான அழுகை இல்லை, மூக்கு ஒழுகும் அழுகை. “அது நான்தான் அங்கிள். நான் பாக்கவே இல்ல. எதையுமே பாத்ததில்ல” என்றேன். எதையுமே என்று சொல்லும்போது கை தானாக அந்த அலமாரி முழுவதையும் காட்டியது. ஜெகன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அவன் அப்பா பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திட்டியிருந்தால் எழுந்து ஓடியிருக்கலாம். சாப்பிடச் சொல்லிவிட்டார். தனியாக உட்கார்ந்து பிதுக்குப் பருப்புக் குழம்பைச் சாப்பிட்டேன். அந்தக் குழம்பு நன்றாக வேறு இருந்தது, அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அத்தை பரிமாறினார். மோர் ஊற்றும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அப்ப அந்த டாக்டரம்மா?”

“தெரியாது அத்தே” என்றேன். ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது அத்தைக்கு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. இனிமேல் அப்படிக் கூப்பிட வாய்ப்பில்லை என்று தோன்றியது காரணமாக இருக்கலாம்.

ஜெகன் பஸ் ஸ்டாப் வரை வந்தான். பஸ் வந்தபோதுதான், “எனக்காவது சொல்லியிருக்கலாம்ல” என்றான். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட, கதவைச் சாத்திக்கொண்ட அந்த மனிதரின் முகம்தான் வாரம் முழுக்க என்னோடு வந்தது.

திங்கட்கிழமை போனதும் மேனேஜரிடம் சந்தேகப் படிவம் கேட்டேன். கடையின் வரலாற்றில் யாரும் அதைக் கேட்டதில்லை என்பதால் அவர் அரை மணி நேரம் தேடி, கடைசியில் புதிதாக ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தார். ஹெப்பகோடியிலிருந்து டிஸ்க் வர இரண்டு நாள் ஆனது. நானே பேட்டரி வாங்கி ரிமோட்டில் போட்டு, மூலை அறையில் உட்கார்ந்து எழுபது நிமிடமும் பார்த்தேன். நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புதிதாகப் பத்து வரி எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. அட்டைப்படத்தில் நெட்டுக்குள் கிடப்பது பயிற்சிப் பந்து என்றும், ஆட்டத்தில் அடித்த பந்தைக் கோல்கீப்பர் குணசேகரன் தடுத்துவிட்டார் என்றும், நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் அதை அடித்தவரே சொல்வதைக் கேட்கலாம் என்றும் எழுதினேன். இதயத்தை உருக்கும் என்று போடவில்லை. அன்றைக்கு என் கணக்கில் நாற்பதுக்குப் பதில் ஒன்றுதான். மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

மாற்றி எழுதியதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை. சனிக்கிழமை ஜெகன் என் மேசைக்கு வந்தான். இணைப்பு எதுவும் அறுந்திருக்கவில்லை, இருந்தாலும் குனிந்து மேசைக்கு அடியில் போய்விட்டான். அங்கேயிருந்தே பேசினான்.

“நாற்பத்தெட்டாவது நிமிஷம்னு போட்டிருக்கியே, நாற்பத்தொம்போது இல்லியான்னு அப்பா கேக்கறாரு.”

“நாற்பத்தெட்டுதான். ரெண்டு தடவ பாத்துட்டேன்” என்றேன்.

மேசைக்கு அடியிலிருந்து அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னார் அப்பா, வரும்போது அம்மாவுக்கு ஏழாவது டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வா என்றான்.

மறுநாள் போனேன். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்த அலமாரியில் நான் எழுதிய ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. ஏழாவது டிஸ்க்கில் டாக்டரம்மா பூமிக்குத் திரும்பவும் இல்லை, சாகவும் இல்லை. காரியம் செய்தது அவர் தங்கைக்கு. மூன்றாம் பாகத்தில் மனிதகுலத்தின் கடைசி நம்பிக்கை என்று நான் எழுதியிருந்த ஆள்தான் கடைசியில் வில்லன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் விட்டத்தைப் பார்த்தேன். இரண்டாவது தட்டு பாதி முடிந்தபோது எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அந்த ஞாயிறு மட்டும் படத்துக்கு விடுமுறை கொடுத்தார்கள்.

அந்தக் கடையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. நான் எழுதின ஆயிரக்கணக்கான பொய்களும் அந்த இணையப் பக்கத்தோடு போய்விட்டன. பார்த்து எழுதின அந்த ஒரே பத்து வரியை மட்டும் மாமா அச்செடுத்து டிவிடி உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார், எழுதியது எங்கள் மருமகள் என்கிறார். அதற்கு முந்தைய பத்து வரியை எழுதியது யார் என்பதை மீனா அக்கா சொல்லிவிடுகிறார்.

எனக்கு இந்த வீட்டில் எதைப் பற்றியும் சட்டென்று கருத்துச் சொல்லும் உரிமை போய்விட்டது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றால், மழை வரும் என்றால், பக்கத்து வீட்டுப் பெண் நல்லவள் என்றால், எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர், “பாத்தியா?” என்று கேட்டுவிடுவார்கள். அவ்வளவுதான், நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாக வேண்டும்.

எங்கள் மகள் பிறந்த அன்று ஆபரேஷன் முடிந்து, மயக்கம் பாதி தெளிந்தும் தெளியாமலும் படுத்திருந்தேன். குழந்தையைத் துடைக்க எடுத்துப் போயிருந்தார்கள். மாமாதான் முதலில் உள்ளே வந்தார். என்ன குழந்தை என்று கேட்டார். பெண் குழந்தை மாமா, அப்படியே உங்கள் ஜாடை என்றேன்.

அவர் கட்டில் பக்கத்தில் வந்து குனிந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் விடவில்லை.

“நீ பாத்தியாம்மா?”

“இல்ல மாமா. நர்ஸ் சொன்னாங்க.”

அவர் வெளியே போய்த் துணியில் சுற்றிய குழந்தையை அந்தப் பெரிய இரண்டு கைகளிலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். ரொம்ப நேரம் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன், அப்படியே உங்கள் ஜாடை என்று.